அப்பத்தாவுக்கு, அந்தக் கண்ணு மெஷினப் பத்தி

அப்பத்தா,

இத தங்கச்சி படிச்சுக் காட்டுவா, மெதுவாக் கேளு. போன வாரம் போன்ல கேட்டியே, "டாக்டரு வந்து பாக்குறதுக்கு முன்னாடியே அந்த மெஷினு எடது கண்ணுல சக்கரை பாதிச்சிருக்குன்னு சொல்லிருச்சேடா, அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா"ன்னு. அன்னிக்கு பஸ்ல இருந்தேன், சரியா பதில் சொல்ல முடியல, அதுல இருந்து எனக்கு அதே நெனப்பு. இங்கயே எழுதிப் போடுறேன், இதே கேள்வி கேக்குற அப்பத்தாங்க நம்ம திருமங்கலம் பக்கம் இன்னும் நெறைய பேரு இருப்பாங்க.

உன் தோட்டத்துல இருந்தே வர்றேன். எனக்கு எட்டு வயசு இருக்கும், விடியக்காலம் இருட்டுல தலையில டார்ச் லைட்டக் கட்டிக்கிட்டு நீ மல்லி பறிப்ப, நானும் ஒண்ணப் பறிச்சு நீட்டுவேன், "இது நாளைக்கு மொட்டுடா, இத ஏன் பிச்ச"ன்னு கையில ஒரு தட்டு தட்டுவ. எப்படித் தெரியும்னு கேட்டா "பாத்தாத் தெரியாதா"ம்ப. பச்சை ஓடியிருந்தா நாளைக்கு மொட்டுன்னு நானா ஒரு கணக்கு வச்சேன், மார்கழிப் பனியில அந்தக் கணக்கும் தப்பாப் போச்சு. எத்தனையோ தட்டு வாங்கினப்புறம் எனக்கும் தானாத் தெரிய ஆரம்பிச்சிருச்சு, எப்படின்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லத் தெரியாது.

ஏஐ, ஏஐன்னு டிவியில சொல்றாங்கல்ல, அந்த "பாத்தாத் தெரியாதா"வ மெஷினுக்குள்ள எப்படிக் கொண்டு போறதுங்கிற சண்டைதான் அதோட கதையில பாதி.

1956ல அமெரிக்காவுல டார்ட்மவுத் காலேஜ்ல கொஞ்ச பேரு கோடையில கூடி உக்காந்தாங்க, செயற்கை நுண்ணறிவு, அதான் ஏஐ, அந்தப் பேரே அந்தக் கூட்டத்துக்காக அதுல ஒருத்தரான ஜான் மெக்கார்த்தி வச்சதுதான். அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் பெரிய ஆளுங்க நம்பினது, இப்படி இருந்தா அப்படின்னு விதி விதியா எழுதிக் குடுத்தாப் போதும்னு. 1970கள்ல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில மைசின்னு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் செஞ்சாங்க, சுமார் 600 விதிய வச்சு ரத்தத்துல என்ன கிருமின்னு சொல்லும், நல்லாவே சொல்லுச்சு. ஆனா மொட்டுக்கு எத்தனை விதி எழுதுவ?

அதுக்கு முன்னாடியே ஒருத்தரு வேற வழியில போனாரு அப்பத்தா, அவரத்தான் நீ தெரிஞ்சுக்கணும். ஃபிராங்க் ரோசன்பிளாட். மனோதத்துவம் படிச்சவரு. 1958ல அவரு விதியே எழுதல, எடது பக்கம் குறி போட்ட அட்டை, வலது பக்கம் குறி போட்ட அட்டைன்னு கம்ப்யூட்டருக்கு மாத்தி மாத்திக் காட்டினாரு, தப்பாச் சொன்னா உள்ள இருக்குற எண்ணெல்லாம் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான், நீ கையில தட்டுன மாதிரி. 50 தடவையில அது கத்துக்கிச்சு. பெர்செப்ட்ரான்னு பேரு, அப்புறம் அதுக்குன்னே கட்டின மெஷினுக்கு 400 குட்டிக் கண்ணு, 20க்கு 20 வரிசையில. 1969ல மின்ஸ்கி, பேப்பர்ட்னு ஏஐ ஆராய்ச்சிக்காரங்க ரெண்டு பேரு இதால எதெல்லாம் முடியாதுன்னு கணக்குப் போட்டு ஒரு புத்தகமே எழுதுனாங்க (மின்ஸ்கியும் ரோசன்பிளாட்டும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்க), அந்தப் பக்கம் போற ஆளும் காசும் கொறஞ்சு போச்சு. 1971ல, தன்னோட 43வது பொறந்தநாள் அன்னிக்கு படகு விபத்துல ரோசன்பிளாட் போய்ச் சேர்ந்துட்டாரு. அவரு போட்ட வெத மொளச்சத அவரு பாக்கவே இல்ல, இத எழுதும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

1986ல ரூமல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ்னு மூணு பேரு, நடந்த தப்ப பின்னாடி இருந்து அடுக்கு அடுக்காப் பிரிச்சுக் குடுத்துத் திருத்துற வழியக் காட்டுனாங்க, பழைய யோசனைக்கு உசுரு வந்துச்சு. 1997ல செஸ்ல உலக சாம்பியன் காஸ்பரோவ மெஷினு ஜெயிச்சத உலகமே பேசுச்சு, ஆனா அது செகண்டுக்கு 20 கோடி நிலைய எண்ணிப் பாத்து ஜெயிச்சது, மொட்டுப் பாக்குற அறிவு அது இல்ல.

எனக்குப் பெருசாப் படுறது வேற. ஃபெய்-ஃபெய் லீங்கிற அம்மா 2009ல இமேஜ்நெட்டுன்னு ஒரு போட்டோக் குவியலக் கொண்டு வந்தாங்க, அது வளந்து ஒரு கோடிக்கு மேல போட்டோ ஆச்சு, இது நாயி, இது குடைன்னு ஒவ்வொண்ணாப் பாத்துச் சொன்னது 167 நாட்டுல கிட்டத்தட்ட 50,000 பேரு, அவங்க பேரு எந்த மைல்கல் பட்டியல்லயும் இருக்காது. அந்தப் படங்கள வச்சுத்தான் 2012ல டொரண்டோவுல ஹிண்டனும் அவரு மாணவருங்க ரெண்டு பேரும், வீடியோ கேம் ஆடுற கார்டு ரெண்ட வச்சு, படத்துல என்ன இருக்குன்னு மெஷினு சொல்றதுல நூத்துக்கு 26ன்னு இருந்த தப்ப 15க்குக் கொண்டு வந்தாங்க.

அடுத்தது உன் கண்ணு. 2016ல கூகுள்காரங்க ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, கண்ணோட உள் பக்கத்துப் போட்டோ 1,28,175, அமெரிக்காவுல இருந்தும் இங்க இருந்தும். நம்ம மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி கொடுத்ததும் அதுல இருக்கு, 1976ல டாக்டர் வெங்கடசாமி 11 கட்டிலோட ஆரம்பிச்சாரே, அதே ஆஸ்பத்திரிதான். 54 டாக்டருங்க உக்காந்து ஒவ்வொரு போட்டோவையும் 3 பேருல இருந்து 7 பேரு வரைக்கும் பாத்து, இதுல சக்கரை பாதிப்பு இருக்கு, இதுல இல்லன்னு குறிச்சுக் குடுத்தாங்க. உன்னப் பாத்த மெஷினும் இதே வழியில பழகினதுதான். யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டியே, அந்த டாக்டருங்க, அப்புறம் உன்ன மாதிரி சக்கரைக்காரங்க, கேமரா முன்னாடி பலகையில தாடைய வச்சு ஆடாம உக்காந்தவங்க.

லேசர் வைக்கச் சொன்ன தேதிய தள்ளிப் போடாத, வலி இல்லைங்கிறதுக்காக விட்டுறாத, இந்த நோயி வலிக்காமத்தான் பார்வையத் திங்கும்.

ஞாயித்துக்கிழமை வர்றேன். விடியக்காலம் என்னையும் எழுப்பிவிடு, போன் கொண்டாரேன். நீ இன்னிக்கு மொட்டு, நாளைக்கு மொட்டுன்னு சொல்லிக்கிட்டே வா, நான் ஒவ்வொண்ணா போட்டோ எடுத்துத் தனித்தனியா வச்சுக்கிறேன், ஒரு ஆயிரமாவது வேணும்.

உன் பேரன்