ஆர்செப்பில் இலங்கை: பார்க்க வேண்டியது சான்றிதழை

ஆசிரியருக்கு,

சீனாவும் ஆசியான் நாடுகளும் உள்ளிட்ட 15 நாடுகளின் தடையற்ற வர்த்தக அமைப்பான ஆர்செப் கூட்டமைப்பில் சேர இலங்கை 2023இல் விண்ணப்பித்தது முதல், கொழும்பு உள்ளே போனால் சீனச் சரக்கெல்லாம் அந்த வழியே வரியில்லாமல் தூத்துக்குடியில் வந்து இறங்கிவிடும் என்ற பேச்சு ஓயவில்லை. 2019 நவம்பரில் பாங்காக்கில் இந்தியா விலகி நின்றதே வீண் என்றும் சிலர் சொல்கிறார்கள். பயப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது.

சலுகை வரி பெற, ஆர்செப்புக்குள் 15 நாட்டு மூலப்பொருளையும் ஒரே கணக்கில் கூட்டிக் காட்டலாம். 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய-இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் அந்தக் கூட்டல் செல்லாது. வெளிநாட்டு மூலப்பொருள் கலந்த சரக்கு இலங்கைப் பொருளாகக் கருதப்பட இங்கே இரண்டு சோதனைகள். கப்பலேற்றும் விலையில் 35 சதவீதமாவது இலங்கையில் சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும் (இந்திய மூலப்பொருள் கலந்தால் இலங்கைப் பங்கு 25 போதும், இரண்டும் சேர்ந்து 35). அதோடு, வெளிநாட்டு மூலப்பொருளின் சுங்கத் தலைப்பும் (பொருளை வகைப்படுத்தும் நான்கு இலக்க எண்) முடிந்த பொருளின் தலைப்பும் வேறாக இருக்க வேண்டும்.

மிளகை எடுத்துக்கொள்வோம். முழு மிளகும் 0904, அரைத்த மிளகும் 0904. வியட்நாம் மிளகைக் கொழும்பில் எத்தனை முறை அரைத்தாலும் அது இலங்கை மிளகு ஆகாது. விதி கச்சிதமாகத்தான் இருக்கிறது. பிறகு எப்படி நுழைகிறது? 'இலங்கையிலேயே விளைந்தது' என்று சான்றிதழ் வாங்கினால் இரண்டு சோதனையும் தேவையில்லை, அவ்வளவுதான்.

அதில் லாபம் எவ்வளவு என்று பாருங்கள். வியட்நாமிலிருந்து நேராக வந்தால் ஆசியான் ஒப்பந்தப்படி அடிப்படை வரி 50 சதவீதம். இலங்கை மிளகு என்றால் தெற்காசிய நாடுகளின் வர்த்தக ஒப்பந்தமான சாஃப்டாவில் 8 சதவீதம். இருநாட்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் வரை ஒன்றுமே இல்லை. கிலோ 500 ரூபாய் என்று வைத்தால் 250 ரூபாய்க்கும் 40 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் 210. ஒரு கன்டெய்னரில் 14 டன் ஏற்றினால் 29.4 லட்சம். 2017 டிசம்பரில் வைத்த 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலையும் இதைத் தடுக்காது. வரியே இல்லாத சரக்குக்கு விலையைக் கூட்டி எழுத யாருக்கு என்ன நஷ்டம்? கொல்லிமலையிலும் இடுக்கியிலும் கொடி வளர்ப்பவருக்குத்தான் நஷ்டம்.

வனஸ்பதியில் நடந்தது நேர் எதிர். பாமாயில் 1511, வனஸ்பதி 1516. தலைப்பு தானாகவே மாறிவிடுகிறது. மலேசியாவிலிருந்து குறைந்த வரியில் எண்ணெயை இறக்கி, இலங்கையில் ஹைட்ரஜன் ஏற்றி, வரியில்லாமல் இங்கே அனுப்பினார்கள். கடைசியில் இந்தியா அளவுக் கட்டுப்பாடு போட வேண்டி வந்தது.

ஆர்செப்பால் மாறக்கூடியது இந்த இரண்டாவது வகைதான். அதில் சேர்ந்தால் மூலப்பொருள் மீதான இறக்குமதி வரியை இலங்கை குறைக்க வேண்டிவரும். சிறு வேலையிலேயே தலைப்பு மாறிவிடும் பொருள்களுக்கெல்லாம் வனஸ்பதிக் கணக்கு மறுபடி கட்டுப்படியாகும். எனவே இருநாட்டு ஒப்பந்தத்தை விரிவாக்கும் எட்கா பேச்சுவார்த்தையில் எல்லாப் பொருளுக்கும் ஒரே 35 என்று விட்டுவிடாமல், எந்தப் பொருளுக்கு எந்த உற்பத்திப் படி இலங்கையில் நடக்க வேண்டும் என்று பொருள்வாரியாக எழுதி வாங்க வேண்டும்.

மிளகுக்குப் புது ஒப்பந்தமே வேண்டாம். 2020 செப்டம்பர் 21 முதல் காரோட்டார் என்ற இந்தியச் சுங்க விதிகள் இருக்கின்றன. சலுகை வரி கேட்கும் இறக்குமதியாளர் படிவம் 1இல் உள்ள விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும், 5 ஆண்டு பாதுகாக்க வேண்டும், அதிகாரி கேட்டால் 10 வேலை நாளில் தர வேண்டும். நடைமுறையில், ஏற்றுமதியாளர் அனுப்பும் ஒற்றை வாக்கியத்தை அப்படியே படிவத்தில் ஒட்டிவிடுவதும் உண்டு. 'முழுவதும் விளைந்தது' என்ற வாக்கியத்துக்கு ஆதாரமாக எந்த மாவட்டத்தில், யாரிடம், எந்த மாதம் கொள்முதல் செய்தது என்ற ரசீதுகளைக் கேட்க வேண்டும். இலங்கையின் அறுவடை மாதங்களோடு அவை பொருந்தாவிட்டால் வரி வித்தியாசத்துக்கு உத்தரவாதம் வாங்கிக்கொண்டு சரக்கை விடுவித்து, சான்றிதழைச் சரிபார்க்கக் கொழும்புக்கு அனுப்பலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

— சுங்க ஆவண முகவர், தூத்துக்குடி