மாதத்தில் இரண்டு இரவு

காவேரிப்பட்டணம்

கண்ணு,

நேற்று போனில் நீ கேட்டபோது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் ஆயா படுத்திருந்தார். அவர் காதுபடச் சொல்ல மனம் வரவில்லை; எழுதுகிறேன்.

போன மாதம் ஆயாவின் இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. வேர்க்குரு என்று பவுடர் போட்டேன். இரண்டு நாளில் தோல் உரிந்துவிட்டது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து தூக்கி, துடைத்து, கூழ் ஊட்டி வருகிறவள் நான். என் கண்ணெதிரே படுக்கைப் புண் வந்ததே என்று அழுதேன். அன்றைக்குத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், என்னால் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் எழுதிக்கொண்டார்கள். 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். இத்தனை பக்கத்தில் இருந்தும் கேட்காமல் இருந்துவிட்டேன். இப்போது செவிலியர் வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். பிசியோதெரபி செய்யும் பெண்ணும் வருகிறார். விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாதாம். முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, உடம்பை ஒன்றாக உருட்ட வேண்டும். இத்தனை நாளும் அந்தக் கையைப் பிடித்துத்தான் தூக்கினேன். ஆயா வலியில் முகம் சுளித்ததைக் கோபம் என்று நினைத்தேன்.

முதியோர் உதவி எண் 14567-க்கும் பேசினேன். விவரமெல்லாம் கேட்டுக்கொண்ட பிறகு அந்தப் பெண், "உங்களுக்கு மாற்று ஆள் யாரம்மா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

நீ அனுப்பும் பணம் வீண் போகவில்லை. காற்று மெத்தை அதில்தான் வாங்கினேன். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்; இரவிலும்தான். மெத்தை அதைச் செய்யாது. பெங்களூரிலிருந்து பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம். மாதத்தில் இரண்டு இரவு நீ பார்த்துக்கொள், நான் தூங்குகிறேன். ஆண்பிள்ளை இதையெல்லாம் செய்வானா என்று உன் அத்தை கேட்பார். கேட்கட்டும். உன்னை இடுப்பில் சுமந்தே வளர்த்த உடம்பு அது. உருட்டும் விதத்தை நான் காட்டித் தருகிறேன்.

வரும்போது நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா. ஆயாவின் தோல் வெங்காயச் சருகு போல் ஆகிவிட்டது.

அம்மா