பழைய வீடுகளை விற்றுத் தரும் தரகர்களுக்கும் பதிவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுத் தரகரிடம் ஏமாந்தவர்களின் கதை அடிக்கடி செய்தியாகிறது. எங்களுக்கு வாய்த்தவர் வேறு மாதிரி. அதையும் யாராவது எழுத வேண்டாமா?

நானும் கணவரும் வாங்கிய முதல் வீடு இது. சேலையூரில், பழைய அடுக்குமாடி ஒன்றில் இரண்டாவது மாடி. தரகர், கேம்ப் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். முதலில் முடிச்சூர் பக்கம் ஒரு வீட்டைக் காட்டினார். விலை கட்டுப்படியானது, எனக்கும் பிடித்துவிட்டது. "இருங்கம்மா" என்று தெருமுனை இஸ்திரிக்காரரிடம் அழைத்துப் போய், 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று என்னையே கேட்கச் சொன்னார். அந்த மனிதர் மார்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார். வீடோ தரைத்தளம். பேச்சு அங்கேயே முடிந்தது. அவருக்கு வர வேண்டிய கமிஷனும்தான்.

இப்போதைய வீட்டுக்கு உரிமையாளர் அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கேட்டார். தரகர் விடவில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களை, போட்டுப் பார்த்தார். பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்த பதிவு இருந்தது, அதை மீட்ட ரசீதுப் பதிவு இல்லை. "கடனை எப்பவோ கட்டிட்டேன்" என்றார் உரிமையாளர். "கட்டியிருப்பீங்க சார், வில்லங்கத்துல ஏறலையே" என்றார் இவர். வங்கி ரசீதைப் பதிவு செய்துகொண்டு வந்த பிறகுதான் அட்வான்ஸ். எங்களுக்குக் கடன் தரும் வங்கியின் வக்கீல் இதைக் கண்டுபிடித்திருப்பார், சரி. ஆனால் அவர் கைக்குப் பத்திரம் போவதற்குள் நம் பணம் போயிருக்குமே!

முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தைக் கையிருப்பில் தனியாக எடுத்து வைக்கச் சொன்னவரும் அவர்தான். பெரும்பாலும் வங்கிக் கடனில் இது சேராதாம்.

அவரிடம் ஒரே குறை. பதிவு முடிந்து கமிஷன் கொடுத்தபோது ரசீது கேட்டேன். சிரித்துக்கொண்டே பையில் போட்டுக்கொண்டார்.

2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டங்களில் வீடு, மனை விற்றுத் தரும் முகவர்கள் பதிவு பெற வேண்டும். பழைய வீட்டைக் கைமாற்றி விடுபவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் பலவும் தேடுவது பழைய வீட்டைத்தான். அதை விற்றுத் தரும் தரகர்களையும் பதிவுக்குள் கொண்டுவந்து, கமிஷனுக்கு ரசீதைக் கட்டாயமாக்க அரசு முன்வர வேண்டும். எங்கள் தரகரிடம் இதைச் சொன்னேன். "நல்லதுதான், அலைய விடாம ஆன்லைன்ல கொடுத்தா முதல் ஆளா பதிவு பண்றேன்" என்றார்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியை ஒருவர்,
சேலையூர், சென்னை