முதல் பீஸ்

அன்புள்ள மக்கா,

ஓசூரில் எப்படி, மழை உண்டா? இங்கே ஐப்பசி மழை விட்டபாடில்லை. கோணம் பட்டறைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. அது கிடக்கட்டும். ஐந்து அச்சில் அசைந்து உலோகத்தை வெட்டுகிற ஃபைவ் ஆக்சிஸ் மிஷின் வந்துவிட்டது. பழையதுதான், ஆனாலும் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் சத்தம் சுத்தம்.

முதல் பீஸ், அலுமினியம் 6061-இல் ஒரு பிராக்கெட். ஐந்து முகத்திலும் வேலை. நம் பழைய மில்லிங்கில் என்றால் ஐந்து தடவை பீஸைப் பிடிக்கும் வைஸைத் திறந்து மூடி, ஒவ்வொரு தடவையும் முள் காட்டும் டயல் கருவியை வைத்து நேர் பார்ப்பதிலேயே பொழுது போய்விடும். இதில் ஒரே பிடி. எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று நேர் அச்சும் நமக்குத் தெரிந்ததுதான். கூடவே மேசை ஏ அச்சில் சாயும், சி அச்சில் சுற்றும். மயிலாடியில் சிற்பி கல்லைச் சுற்றிச் சுற்றி வருவார். இங்கே கல்லே திரும்பி உளிக்கு முகம் காட்டுகிறது.

மேசை சாயும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தபோதே டூல் ஹோல்டர் வைஸ் தாடையில் இடித்தது. கட்டரை 12 மி.மீ. கூடுதலாக வெளியே நீட்டினேன். நீட்டினால் அதிருமே, அதனால் ஃபீடை, அதாவது நகர்ந்து வெட்டும் வேகத்தைக் குறைத்தேன். அப்புறம் பீஸ் இல்லாமல் வெறும் ஓட்டம்: சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக, வெட்டாமல் பாயும் ரேபிட் வேகம் 5 சதவீதம், விரல் ஓட்டத்தை நிறுத்தும் ஃபீட் ஹோல்ட் பொத்தானிலேயே. பட்டறைப் பையன் சிரித்தான். சிரிக்கட்டும், இடித்தால் ஸ்பிண்டிலுக்குக் காசு அவனா கொடுப்பான்?

பீஸ் பளபளவென்று வந்தது. ஆனால் எதிரெதிர்ச் சுவரில் இரண்டு 10 மி.மீ. துளைகள், ரீமர் போட்டு அளவாக்கியவை. இரண்டையும் கோத்துப் பார்க்கும் உருளைக் கம்பியான டவல் பின், ஒன்றில் வழுக்கிக்கொண்டு போய், அடுத்ததன் வாயில் நின்றுவிட்டது. 0.06 மி.மீ. விலகல். ரீமரைத் திட்டினேன், புரோகிராமைத் திட்டினேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. இரண்டாவது துளைக்கு மேசை சி-யில் 180 டிகிரி திரும்புகிறது. சுழற்சி மையம் 0.03 பிசகியிருந்தால் அங்கே அது இரட்டிப்பாகும். லாரியில் குலுங்கி வந்த மிஷின், கண்ட்ரோலில் கிடந்ததோ பழைய மையக் கணக்கு.

விடிந்ததும் ஸ்பிண்டிலை அந்த மையத்தில் நிறுத்தி, டயலைக் கட்டி, மேசையின் நடுத்துளையைச் சுற்றிப் பார்த்தேன். எக்ஸில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் முள் ஆறு கோடு வித்தியாசம் காட்டியது; கோடு ஒன்றுக்கு 0.01. பாதி போட்டால் அதே 0.03. திருத்திவிட்டு இரண்டாவது பீஸை ஓட்டினேன். பின்னை விரலால்தான் தள்ளினேன், இரண்டு சுவரையும் தாண்டிப் போய்விட்டது. ஐடிஐயில் மாதக்கணக்கில் அரத்தால் இரும்பை ராவியது வீண் போகவில்லை மக்கா, முள்ளை நம்பும் புத்தி அங்கே வந்ததுதான்.

முதல் பீஸைக் கழிவில் போட மனசு வரவில்லை. அந்த டவல் பின் பாதி வழியில் மாட்டியபடி என் மேசையில் பில்களுக்குப் பாரமாக இருக்கிறது. பொங்கலுக்கு வந்தால் நீயே பிடுங்கிப் பார். மட்டி வாழைக்குலை ஒன்று சொல்லி வைக்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி