'ஓர்மை' மலையாளச் சொல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளையொட்டி, நவம்பர் 1 அன்று தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் எங்களை 'மலையாளம் கலந்த தமிழ் பேசும் மக்கள்' என்று ஒரே வரியில் கட்டுரையாளர் கடந்து சென்றது மனத்தை உறுத்தியது.

நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள், தன் ஆச்சியைப் பற்றிய பள்ளிக் கட்டுரையில் 'ஆச்சி சொன்ன கதை எல்லாம் எனக்கு ஓர்மை இருக்கிறது' என்று எழுதியிருந்தாள். 'ஓர்மை' சிவப்பு மையால் வட்டமிடப்பட்டு, அருகில் 'மலையாளச் சொல், நினைவு என்று எழுதவும்' என்ற குறிப்பு இருந்தது. "அப்பம் ஆச்சி பேசுகது தமிழ் இல்லியா?" என்று அவள் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

'ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து' என்று செங்கோன்மையைச் சொல்லத் தொடங்கும் குறளில் நிற்கும், எண்ணி ஆராய்தலைக் குறிக்கும் 'ஓர்தல்'தான் எங்கள் வீட்டு அடுக்களையில் 'ஓர்மை'யாகப் புழங்குகிறது. மெதுவாக நடக்கச் சொல்ல நாங்கள் சொல்லும் 'பைய' என்பதும் 'பசையினள் பைய நகும்' என்ற குறளில் அப்படியே இருக்கிறது. பிற இடங்கள் பலவற்றில் வழக்கொழிந்த சொல்லை மலையாளமும் நாங்களும் கைவிடாமல் வைத்திருக்கிறோம் என்பதால், அது எங்களுக்குக் கடன் வந்த சொல்லாகிவிடுமா?

மலையாளச் சொற்கள் எங்கள் பேச்சில் இல்லை என்று நான் வாதிடவில்லை. விளவங்கோடு பக்கம் இரண்டு மொழியும் புழங்கும் குடும்பங்கள் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் மண்ணில் நின்றாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. நவராத்திரி தோறும் அங்கிருந்து சரசுவதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். வழியெங்கும் விளக்கேற்றி வைத்து அவர்களை அனுப்பிவைக்கும் எங்களுக்கு இந்த உறவில் கூச்சம் ஏதும் இல்லை. மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும் எங்கள் வீட்டுச் சாப்பாடு. அதை யாரிடமிருந்து பெற்றோம் என்று நாங்கள் யோசிப்பதே இல்லை.

இத்தனை உறவு இருந்தும், அன்றைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடியவர்கள் எங்கள் பெரியவர்கள். மார்ஷல் நேசமணி முன்னின்று நடத்திய அப்போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அதன் பிறகே 1956-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்துக்கு வந்தன. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் வாயைத் திறந்தவுடன் 'நீங்கள் மலையாளியா?' என்ற கேள்வியை எதிர்கொள்வது வேதனைக்குரியது.

எங்கள் மாவட்டச் சொற்களைப் பொருளுடனும் இலக்கியச் சான்றுடனும் வாரம் ஒன்றாகத் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். முதல் வாரத்துக்கு 'ஓர்மை'யை எடுத்துக்கொண்டால், அந்தப் பக்கத்தை வெட்டி என் மகளின் கட்டுரை ஏட்டில் ஒட்டிக் கொடுத்தனுப்புவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.