மாணிக்கத்துக்கு ஒரு தண்ணீர்க் கடிதம்

தருமபுரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாணிக்கம்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் சென்னைக்குப் பழகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு உனக்கு. வேளச்சேரி தண்ணீர் ஒத்துக்கொள்ளாததில் ஆச்சரியமே இல்லை. நீ அனுப்பிய பரிசோதனை அறிக்கையின் படத்தைப் பார்த்தேன். பதிலை போனிலேயே தட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன், பாதியிலேயே கட்டைவிரல் வலித்துவிட்டது. அதனால் இந்தக் கடிதம்.

முதலில் அவசரமான விஷயம். பேரனுக்குப் பால்பவுடர் கலக்கிறதாக எழுதியிருந்தாய். இன்றிலிருந்து அதற்கு அந்தக் குழாய்த் தண்ணீரை எடுக்காதே. காய்ச்சியும் எடுக்காதே. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மருமகளிடம் இப்போதே சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

சரி, தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் விற்க வந்தவர் உன் வீட்டு ஹாலில் காட்டிய வித்தைக்கு வருவோம். இரண்டு டம்ளர், நான்கு கம்பி வைத்த ஒரு பெட்டி, பிளக்கைச் செருகியதும் உங்கள் குழாய்த் தண்ணீர் சாக்கடை நிறமாகிவிட்டது, அவர் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே இருந்தது. தங்கச்சி பயந்துபோனாள் என்று எழுதியிருந்தாய். கெமிஸ்ட்ரி படித்த நீயும் பயந்தாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை! அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததல்ல. கம்பியில் ஒன்று இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் ஓடும், இரும்பு கரையும், ஹைட்ராக்சைடாகி பழுப்பும் பச்சையுமாகப் படியும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாக ஓடவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை அவர் வந்தால் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுப் பார். இளநீரில் செருகினாலும் இதே கதிதான் ஆகும்.

ஆனால் வித்தை பொய் என்பதால் உன் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடாது. அறிக்கையைப் பார்ப்போம்.

டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, 780 என்பதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய். பக்கத்தில் ‘வரம்பு 500’ என்று அச்சடித்திருக்கிறார்கள். ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தர அட்டவணையில் இரண்டு பத்திகள் உண்டு. முதல் பத்தி ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு தண்ணீருக்கு வழியில்லாதபோது அனுமதிக்கும் அளவு. டி.டி.எஸ்.ஸுக்கு முதல் பத்தியில் 500, இரண்டாவதில் 2000. மொத்தக் கடினத்தன்மைக்கு 200, 600. குளோரைடுக்கு 250, 1000. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். உன் கடினத்தன்மை 420, குளோரைடு 290. முதல் பத்தியைத் தாண்டிவிட்டன, இரண்டாவதற்குள் இருக்கின்றன. இப்படி எண் மூன்று மடங்கு, நாலு மடங்கு நீள்கிறதே, ஏன்? இந்த மூன்றும் பெரும்பாலும் ருசிக்கும் பாத்திரத்துக்கும் போட்ட கோடுகள். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, ஹீட்டரில் வெள்ளையாகப் படியும், நாக்கில் கரிக்கும். எரிச்சலான சங்கதிதான், உயிருக்கு ஆபத்தில்லை.

இப்போது அதே அட்டவணையில் நைட்ரேட்டைப் பார். முதல் பத்தியில் 45. இரண்டாவது பத்தியில் எண்ணே இல்லை, ‘தளர்வு இல்லை’ என்று இருக்கும். ஈயத்துக்கும் அப்படியே: 0.01, தளர்வு இல்லை. மலக்கிருமியான இ.கோலி என்றால் நூறு மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அட்டவணையைப் படிக்கிறவன் எண்ணைப் பார்க்கும் முன் இரண்டாவது பத்தி நிரம்பியிருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்தக் கோடு வேலி, எந்தக் கோடு சுவர் என்று அப்போதுதான் தெரியும்.

உன் அறிக்கையில் நைட்ரேட் 11.5 என்று போட்டு, எதிரே ‘வரம்புக்குள்’ என்று எழுதியிருக்கிறார்கள். நீயும் அதைக் கடந்து போய்விட்டாய். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘நைட்ரஜனாக’ என்று இருக்கிறது, கண்ணாடி போட்டுப் பார். 45 என்ற வரம்பு முழு நைட்ரேட்டுக்கு. அதற்குள் இருக்கும் நைட்ரஜனை மட்டும் சொன்னால் அதை 4.43-ஆல் பெருக்க வேண்டும். 11.5 கிட்டத்தட்ட 51 ஆகிறது. அமெரிக்காவின் வரம்பு 10 என்பதும் நம் 45 என்பதும் வெவ்வேறு கண்டிப்பு இல்லை, ஒரே அளவை இரண்டு வழியில் சொல்வதுதான். பரிசோதனைக்கூடம் ஒரு அலகில் அளந்துவிட்டு வேறு அலகின் வரம்போடு ஒப்பிட்டிருக்கிறது. ‘வரம்புக்குள்’ என்ற ஒரு வார்த்தையில் எத்தனை வீட்டுக்காரர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்களோ.

பேரன் விஷயத்தில் நான் பதறியது இதனால்தான். பெரியவர்களுக்கு 51 பெரிய தொல்லை தராது. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு, அதுவும் புட்டிப்பால் குடிக்கிற குழந்தைக்கு, நைட்ரேட் உடம்பில் நைட்ரைட்டாகி ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் சக்தியைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாயும். அந்தக் கோடே இந்தக் குழந்தைகளை வைத்துப் போட்டது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாக ஆக மிச்சத்தில் இன்னும் கூடும்.

நைட்ரேட் எங்கிருந்து வந்திருக்கும்? உன் அடுக்குமாடியில் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர், போர்வெல் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில், அதாவது தரையடித் தொட்டியில், விழுகின்றன என்று நீதான் எழுதியிருக்கிறாய். என் ஊகம் போர்வெல். பழைய செப்டிக் டேங்குகள் வருஷக்கணக்கில் மண்ணுக்குள் விட்டதெல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கும். அதனால்தான் நீ ‘சென்னைத் தண்ணீர் மோசம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நீ குடிப்பது சென்னைத் தண்ணீர் இல்லை, உன் சம்ப்பின் தண்ணீர்.

நீ ஞாபகப்படுத்திய 2019 கணக்கெடுப்பு எனக்கும் நினைவிருக்கிறது. நவம்பரில் அப்போதைய மத்திய அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான் வெளியிட்டார். இந்திய தர நிர்ணய அமைப்பு டெல்லியிலும் இருபது மாநிலத் தலைநகரங்களிலும் குழாய்த் தண்ணீரை எடுத்துச் சோதித்தது. மும்பையின் பத்து மாதிரியும் எல்லாவற்றிலும் தேறின. சென்னையின் பத்தும் தேறவில்லை, ஒன்பது அம்சங்களில் கோளாறு. டெல்லியில் அது அரசியல் சண்டையாகவே மாறிப்போனது. எழுபது லட்சம் பேர் இருக்கும் சென்னைக்குப் பத்து மாதிரி போதுமா என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். அந்த வருஷம் சென்னை எப்படித் தவித்தது என்பதும் தெரியும்: ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, கல்குவாரித் தண்ணீரைக்கூட விடவில்லை.

ஆனாலும் அந்த ஒன்பதின் பட்டியல் சும்மா எண்ணிக்கையாகத் தள்ளிவிடக் கூடியது இல்லை. கலங்கல், வாடை, அம்மோனியா, கோலிஃபார்ம் கிருமி, எஞ்சிய குளோரின். இந்த ஐந்தையும் ஐந்து குற்றமாக எண்ணினார்கள். எனக்கு அது ஒரே குற்றத்தின் ஐந்து சாட்சிகள். சென்னையில் குழாய் நாள் முழுக்க அழுத்தத்தோடு ஓடுவதில்லை. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் விழுகிறது, பக்கத்தில் ஒழுகும் கழிவுநீரை இணைப்பு வழியாக உள்ளே இழுக்கிறது. கழிவுநீரில் அம்மோனியா உண்டு. ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜன் ஏறக்குறைய எட்டு பங்கு குளோரினை விழுங்கிவிடும். நிலையத்தில் எவ்வளவு போட்டாலும் உன் குழாய்க்கு வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்கூட மிச்சம் இருக்காது. அப்புறம் கிருமிக்கு யார் தடை? கடினத்தன்மையும் குளோரைடும் வேறு கதை, நிலத்தடி உப்பு.

பட்டியலில் என்னை உட்காரவைத்து யோசிக்க வைத்தது போரான் என்ற தனிமம். கடல்நீரில் லிட்டருக்கு நாலைந்து மில்லிகிராம் போரான் உண்டு. கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வு சோடியத்தைத் தடுக்கிற அளவுக்கு போரானைத் தடுக்காது; அது பெரும்பாலும் மின்சுமை இல்லாத போரிக் அமிலமாக இருப்பதால் நழுவிவிடும். மீஞ்சூர் நிலையம் 2010-லும் நெம்மேலி 2013-லும் வந்தன, உன் வேளச்சேரிப் பக்கம் நெம்மேலித் தண்ணீர் வருகிறது. அங்கிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் என் சந்தேகம் அந்தப் பக்கம்தான். வேடிக்கை என்னவென்றால், நம் தரம் 2012-ல் வந்தபோது போரானுக்கு முதல் பத்தி 0.5, இரண்டாவது 1 என்று இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே 2.4 வரை போகலாம் என்று சொல்லிவிட்டது. ஒரே டம்ளர் தண்ணீர், உலக நிறுவனத்திடம் பாஸ், சென்னையில் ஃபெயில். ஆர்சனிக் என்ற நஞ்சு நேர்மாறு: லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று இருந்ததை உலக சுகாதார நிறுவனம் 1993-ல் 10 ஆக்கியது. அமெரிக்கா அதை அமலாக்க 2006 ஆனது. இடைப்பட்ட வருஷங்களில் ஆர்சனிக்கின் குணம் மாறிவிடவில்லை. எவ்வளவு துல்லியமாக அளக்க முடியும், நீக்க எவ்வளவு செலவாகும் என்று பேரம் பேசித்தான் கோடு போடுகிறார்கள்.

அமெரிக்காவில் குழாயிலேயே வாய் வைத்துக் குடிக்கலாம் என்று உன் மகள் சொல்கிறாள், பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மிச்சிகனில் ஃப்ளின்ட் ஊரில் என்ன நடந்தது? 2014-ல் செலவைக் குறைக்க ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள், ஈயக் குழாய் அரிக்காமல் இருக்கப் போட வேண்டிய மருந்தைப் போடவில்லை. அப்போது அங்கே ஈயத்துக்கு 15 மைக்ரோகிராம் என்பது நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு. பத்தில் ஒன்பது வீடுகள் அதற்குள் இருந்தால் போதும் என்று இருந்தது. மறு வருஷம் எடுத்த மாதிரிகளில் 15-ஐத் தாண்டிய இரண்டை ஏதோ விதியைச் சொல்லிக் கழித்தார்கள். கணக்கு 11-க்கு இறங்கி, ஊர் வரம்புக்குள் வந்துவிட்டது. கழிக்கப்பட்ட ஒரு வீட்டில் 104 இருந்தது.

இந்த ஊருக்கு நான் மாற்றலாகி வந்த புதிதில் ஃப்ளோரைடு தவிர வேறு பேச்சே கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும். பல் முழுக்கப் பழுப்புக் கோடு. அந்தக் கிணறுகளில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், ருசியும் நன்றாக இருக்கும். வரம்பு இங்கே 1, போனால் 1.5. அமெரிக்காவில் சட்டப்படி 4 வரை விடுகிறார்கள். வெயிலில் களை வெட்டுகிறவன் குடிக்கும் தண்ணீரும் ஏ.சி. அறையில் இருப்பவன் குடிக்கும் தண்ணீரும் ஒன்றா? 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நிலைமை மாறியது. இப்போது என் தெருவில் யாருக்கும் ஃப்ளோரைடு பற்றிக் கவலையில்லை, ஆனால் ஆர்.ஓ. இல்லாத வீடு இல்லை.

இனி நீ செய்ய வேண்டியது. மறுபடி மாதிரி எடு, மூன்று இடத்தில்: மெட்ரோ குழாய் சம்ப்புக்குள் விழுமுன், போர்வெல்லில், சமையலறையில். உன் அறிக்கையில் கிருமிப் பரிசோதனையே இல்லை; மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் எப்படிச் செய்வார்கள்? கிருமிக்கு அவர்களே நீராவியில் சுத்தம் செய்த பாட்டிலைக் கேட்டு வாங்கு. உள்ளே குளோரினை அடக்கும் தயோசல்ஃபேட் கொஞ்சம் போட்டிருப்பார்கள், கழுவிவிடாதே. அது இல்லாவிட்டால் குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே போகும், அறிக்கை உண்மையைவிட அழகாக வரும். ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடு.

அதுவரைக்கும் ஒரு எச்.டூ.எஸ். குப்பி வாங்கி வை. 1982-ல் குவாலியரில் நம் ராணுவ ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தது. உள்ளே ஒரு மருந்துத் துண்டு இருக்கும், கோடு வரை தண்ணீர் விட்டு மூடி, நிழலில் வைத்துவிடு. மலக்கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் மசி போலக் கறுத்துவிடும். அதைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மேஜைமேல் வை. எண் புரியாதவர்களுக்கும் கறுப்பு புரியும்.

ஆர்.ஓ. வாங்கலாமா என்று கேட்டாய். டி.டி.எஸ்.ஸுக்காக என்றால் வேண்டாம்; ஒரு குடம் எடுக்க இரண்டு மூன்று குடம் சாக்கடைக்குப் போகும். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் அதைத் தடை செய்யச் சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் உத்தரவு போட்டது. ஆனால் மூன்று இடத்திலும் நைட்ரேட் கூடுதலாக வந்தால் வாங்கு, அதை நீக்க வீட்டில் வேறு சுலப வழி இல்லை. மெட்ரோ தண்ணீரில் மட்டும் குறைவாக இருந்தால், குடிக்கவும் சமைக்கவும் அதற்குத் தனிக் குழாய் இழுக்கச் சொல்லிச் சங்கத்தில் சண்டை போடு. செலவைப் பங்கு போட்டால் வீட்டுக்கு ஒரு ஆர்.ஓ. விலையில் பாதிகூட வராது என்பது என் கணக்கு.

இங்கே செய்தி என்றால், என் மூட்டு வலி அப்படியேதான். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. ஜோசப் போன வாரம் வந்திருந்தான். ஹாஸ்டல் நாட்களில் நீ டைட்ரேஷன் செய்யும்போது ஒயின் சிவப்பு எப்போது நீலமாகும் என்று தெரியாமல் பியூரெட்டையே காலி செய்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். தை பிறந்ததும் மூவரும் ஒகேனக்கல் போகலாம் என்கிறான், தேதியை நீயே சொல்லு.

அறிக்கைகள் வந்ததும் படம் எடுத்து அனுப்பு. அலகு போட்டிருக்கும் பத்தியை வெட்டிவிடாதே.

அன்புடன்,
சண்முகம்