நெடுந்தீவுக்கு வாருங்கள், தண்ணீரையும் நினையுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

நெடுந்தீவுச் சுற்றுலா பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். குதிரைகள், ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கமரம், கல்வேலி எல்லாம் இருந்தன. தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று மனம் கனத்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் கிடக்கும் எங்கள் தீவில் ஆறு கிடையாது. மாரி மழைதான் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே உள்ள அந்த ஒரு அடி இறைக்க இறைக்கக் குறைந்தால், கீழே கிடக்கும் உவர் ஏறத் தொடங்கிவிடும்.

போன ஆவணியில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தங்கியிருந்த ஒரு கூட்டம் கடலில் குளித்துவிட்டு வந்தது. உப்புக் கழுவ மோட்டர் போட்டார்கள், பின்னேரம் வரை நிற்பாட்டவில்லை. அன்றிரவு அம்மா எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டார். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "சவர் ஏறிட்டுது" என்றார். அடுத்த நாள் தொடக்கம் நான் சைக்கிளில் கான் கட்டிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு அலைந்தேன். வந்த பிள்ளைகளில் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆட்கள் வரட்டும். படகுக்காரருக்கும் கடைக்காரருக்கும் அதுதான் சீவியம். ஆனால் மழைநீர்த் தாங்கி கட்டாத விடுதிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 10,000 லீற்றர். சிந்தியது போக முக்கால்வாசி பிடித்தாலே எவ்வளவு! கோடையில் விடுதிக் கிணறுகளில் மோட்டர் வேண்டாம், வாளி போதும். குடிக்கும் தண்ணீரைக் குறிகாட்டுவானில் படகு ஏறும்போதே கொண்டு வரச் சொல்லி, இறங்குதுறையில் ஒரு பலகை வைத்தால் என்ன? வெறும் போத்தல்களையும் அவர்களே திருப்பிக் கொண்டு போகட்டும்.

அப்புறம், படம் எடுக்க எல்லோரும் தேடிப் போகும் அந்தக் குதிரைகள். கடும் வரட்சியில் அவை தண்ணீர் இல்லாமல் விழுந்து செத்திருக்கின்றன. அவை குடிக்கும் கேணிகளை ஐப்பசிக்கு முன்னர் தூர்வார வேண்டும். ஒரு நாள் சிரமதானத்துக்கு அறிவித்தால் மண்வெட்டியோடு வர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நெடுந்தீவு.